ஆன்லைன் சர்வைவலா, ஆர்பிஜியா: உங்கள் நேரத்தை எதில் போடலாம்?

நாலு பேரோடு சேர்ந்து நெடுநாள் ஆட ஓர் ஆன்லைன் ஆட்டம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம், துப்பாக்கி பிடிக்குமா வாள் பிடிக்குமா என்று நான் விசாரிப்பதில்லை. நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போன பிறகு, ஆட்டத்துக்குள் நீங்கள் சேர்த்து வைத்ததற்கு என்ன நடந்தால் தாங்குவீர்கள் என்றுதான் கேட்பேன். அந்தப் பதிலிலேயே பாதி முடிவு வந்துவிடும். மரம் வெட்டுவது, ஆயுதம் செய்வது, லெவல் ஏற்றுவது, வீடு கட்டுவது எல்லாம் இப்போது சர்வைவல் (உயிர் பிழைப்பதே குறியான ஆட்டம்), ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரத்தை வளர்த்து ஆடுவது) என்ற இரண்டு வகையிலும் உண்டு. நீங்கள் இல்லாத நேரத்தை ஆட்டம் எப்படி நடத்துகிறது என்பதில்தான் சர்வைவல் ஆட்டமும் எம்எம்ஓ ஆர்பிஜியும் (ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஆடும் ஆர்பிஜி) உண்மையில் பிரிகின்றன.

நீங்கள் தூங்கும்போது

ரஸ்ட் என்ற சர்வைவல் ஆட்டத்தில் நீங்கள் வெளியேறினாலும் உங்கள் உடல் உலகத்தை விட்டுப் போவதில்லை. எங்கே நின்று வெளியேறினீர்களோ அங்கேயே தூங்கிக்கொண்டு கிடக்கும். கதவை உடைத்து வருகிறவர் அதைக் கொல்லலாம், பையில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக்குள் இருக்கும் டூல் கப்போர்டில் மரம், கல், இரும்பு என்று போட்டு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ந்துபோனால் எதிரியே வேண்டாம், சுவர்கள் தாமாகவே சிதையத் தொடங்கும். நீங்கள் இல்லாத நேரம் பார்த்து ராக்கெட்டும் சி4 வெடியுமாக வந்து வீட்டைக் காலி செய்வதற்கு ‘ஆஃப்லைன் ரெய்டு’ என்று பெயரே உண்டு. ஆட்டத்தின் விதிப்படி அது குற்றமும் இல்லை.

ஆர்க் இன்னும் வலிக்கும். அதிகாரபூர்வ சர்வர் வேகத்தில் ஒரு பெரிய டைனோசரை மயக்கி, பக்கத்திலேயே காவல் இருந்து, உணவூட்டிப் பழக்கப் பல மணி நேரம் பிடிக்கும். முட்டையிலிருந்து குட்டியாக வளர்ப்பதென்றால் நாள்கணக்கு. அப்படி வளர்த்ததைப் பகைக் குழு ஒன்று சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

மறுபக்கம், ஆர்பிஜியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் சத்திரம் ஒன்றில் நின்று வெளியேறிவிட்டுச் சில நாள் கழித்து வந்தால், ‘ஓய்வு’ அனுபவப் புள்ளிகள் சேர்ந்திருக்கும். அடுத்துக் கொல்லும் அரக்கர்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக அனுபவம் கிடைக்கும். இல்லாமல் இருந்ததற்கே பரிசு. விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைனில் திறன் பயிற்சி நிஜ நேரத்தில் ஓடுகிறது. நீங்கள் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேப்டன் கற்றுக்கொண்டேயிருப்பார்.

எல்லா ஆர்பிஜியும் இப்படி மென்மையாக இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் சொந்த வீடு வாங்கியவர் 45 நாள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை என்றால் வீடு பறிபோகும். மனைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் வைத்த விதி. ஈவில் இதைவிடப் பெரிய பாடம் உண்டு. 2014 ஜனவரியில், ஒரு விண்மீன் மண்டலத்தின் பராமரிப்புக் கட்டணம் செலுத்தப்படாமல் விட்டுப்போக, அங்கே மூண்ட போரில் டைட்டன் எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. அழிந்த கப்பல்களின் மதிப்பு நிஜப் பணத்தில் மூன்று லட்சம் டாலர் அளவுக்கு இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இந்த இடத்தில் என் தீர்ப்பு ஆர்பிஜி பக்கம்தான், தயக்கமே இல்லை. வேலை, படிப்பு, குழந்தை என்று நாளில் ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிதானவர், பொது பிவிபி சர்வரில் (ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கலாம் என்ற சர்வர்) சர்வைவல் ஆடுவது நியாயமான போட்டியே அல்ல. ரஸ்டுக்கென்று 2020-இல் வந்த ரஸ்ட் பிளஸ் செயலியை நினைத்துப் பாருங்கள்: வீட்டைத் தாக்கினால் அலாரம் உங்கள் கைபேசிக்கே வரும்படி அமைத்துக்கொள்ளலாம். நல்ல வசதிதான். ஆனால் நள்ளிரவில் கைபேசி அலறி, தூக்கம் கலைந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பழக்கத்தை ஓர் ஆட்டம் உங்களிடம் உண்டாக்கினால் அது உங்கள் உடம்பைத் தொடுகிற விஷயம். பள்ளி, கல்லூரி வயதில் இருப்பவர்களுக்கு இதை அழுத்தியே சொல்வேன்.

பயம் தருகிற ருசி

ஆனால் சர்வைவல் தருவதை ஆர்பிஜியால் தர முடியாத ஓர் இடம் இருக்கிறது. அது பயம்.

டேஸ் என்ற சர்வைவல் ஆட்டம் 2012-இல் ஆர்மா 2 ஆட்டத்தின் ‘மாட்’ ஆக, அதாவது அதன்மேல் செய்த மாற்று வடிவமாகத் தொடங்கியது. செத்தால் எல்லாம் போகும். வெறுங்கையோடு கடற்கரையில் மறுபடி எழ வேண்டும். அதனால் அங்கே ஒரு டின் உணவுக்கும் எடை உண்டு. ஒரு கிராமத்துக்குள் நுழையுமுன் புதருக்குள் படுத்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டேயிருப்போம். எதிரே வருகிற அந்நியர் மைக்கில் ‘சுடாதீங்க’ என்கிறார். நம்புவதா வேண்டாமா? அந்தச் சில நொடிகளில் படபடக்கிற நெஞ்சை எந்த டிராகனும் எனக்குத் தந்ததில்லை. ஆர்பிஜியில் நான் செத்தால் ஆவியாக ஓடி வந்து உடலை எடுத்துக்கொள்வேன், கவசத்தைச் சரிசெய்ய ஏதோ கொஞ்சம் காசு போகும், அவ்வளவுதான். இழக்க ஒன்றுமில்லாத இடத்தில் துணிச்சலும் இல்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் ஆட்டக்காரர்களே ‘ஒரு முறை செத்தால் முடிந்தது’ என்று தங்களுக்குள் விதி வைத்து ஆடி, 2023 ஆகஸ்டில் நிறுவனமே ஹார்ட்கோர் சர்வர்களைத் திறக்கும் அளவுக்கு அது வளர்ந்ததற்கு இந்தப் பசிதான் காரணம்.

எவ்வளவு இழப்பு சரி என்பதில் ஆட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளியில் நிற்கின்றன. வால்ஹெய்ம் வழக்கமான அமைப்பில் திறன்களில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும், பொருள்கள் கல்லறையில் காத்திருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். ஆல்பியன் ஆன்லைன் ஆர்பிஜியாக இருந்தும், உலகத்தை நிறம் நிறமாகப் பிரித்திருக்கிறது: நீல மண்டலத்தில் பயமில்லை, சிவப்பிலும் கறுப்பிலும் செத்தால் போட்டிருப்பது அத்தனையும் போகும். எவ்வளவு பணயம் வைக்கலாம் என்பதை அன்றைய மனநிலைக்கு ஏற்ப நீங்களே தேர்ந்துகொள்கிற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். முதல் தடவை ரஸ்டில் இறங்கி மனம் நொந்து போனவர்கள், பயத்தைப் பழக ஆல்பியனில் தொடங்கலாம்.

யாரையும் கொல்லலாம் என்ற விதியின் வரலாறு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பெரிய உலகம், முழுச் சுதந்திரம்’ என்று விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

1997-இல் அல்டிமா ஆன்லைன் வந்தபோது ஊர்க் காவலர் எல்லையைத் தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம், கொள்ளையடிக்கலாம். வேட்டையாடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் சுரங்கத்தில் தாது தோண்டியவர்களும் துணி தைத்தவர்களும்தானே அந்த உலகத்துக்குப் பொருளாதாரம்? அவர்கள் வெறுத்துப்போனார்கள். 2000-இல் உலகத்தையே இரண்டாக்கினார்கள்: ட்ராமெல் பக்கம் ஒப்புதல் இல்லாமல் யாரையும் தாக்க முடியாது, ஃபெலூக்கா பக்கம் பழைய விதி. மக்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான பக்கம் போய்விட்டார்கள். கொல்லுகிறவர்கள் காலி நிலத்தில் நின்றார்கள்.

இருபது வருடம் கழித்து அமேசானின் நியூ வேர்ல்ட் அதே சுவரில் முட்டியது. முதலில் அது சர்வைவல் சாயலோடு, எங்கும் பிவிபி என்றுதான் வடிவமைக்கப்பட்டது. சோதனைக் கட்டத்தில் லெவல் ஏறியவர்கள் புதியவர்களை ஓட ஓட விரட்டிக் கொன்றதைப் பார்த்து, விரும்பியவர்களுக்கு மட்டும் பிவிபி என்று மாற்றினார்கள். 2021 செப்டம்பரில் வெளியானபோது ஸ்டீம் என்ற விற்பனைத் தளத்தில் ஒரே நேரத்தில் ஒன்பது லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். அந்தக் கூட்டம் நிற்கவில்லை என்பது வேறு கதை. 2025 ஜூனில் வந்த ட்யூன்: அவேக்கனிங், தன் ஆழ்பாலைவனத்தை முழுக்கப் பிவிபி நிலமாக வைத்திருந்தது. உயர்ந்த மூலப்பொருள்கள் அங்கேதான். சண்டை வேண்டாதவர்கள் மேலே ஏற வழியின்றித் திணற, சில வாரங்களிலேயே அதன் ஒரு பகுதியைப் பிவிஇ நிலமாக்கினார்கள், அதாவது சக ஆட்டக்காரர்களோடு சண்டை இல்லாத நிலம்.

ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வாழ்கிற உலகத்தில் கட்டற்ற கொலை நிலைப்பதில்லை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: வேட்டைக்காரருக்கு இரை வேண்டும், இரைக்கோ வேறு ஆட்டத்துக்குப் போகக் கதவு திறந்தே இருக்கிறது. ஈவ் மட்டும் 2003 முதல் இன்றுவரை ஒரே உலகமாக இதைச் சமாளித்து வருகிறது என்றால், அங்கேயும் பாதுகாப்பு அதிகமான மண்டலங்களில் அத்துமீறினால் ஆட்டத்தின் காவல்படை வந்து கப்பலை வெடிக்கச் செய்துவிடும்.

சர்வைவல் ஆட்டங்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தன, அதுதான் அவற்றின் பெரிய பலம் என்பேன். ஒரே உலகத்துக்குள் எல்லோரையும் அடைக்காமல் சர்வருக்குச் சர்வர் விதியை மாற்றிக்கொள்ள விட்டார்கள். ரெய்டே கூடாது என்று ஒரு சர்வர், மூன்று பேருக்கு மேல் குழு சேரக்கூடாது என்று ஒரு சர்வர், பொருள் ஐந்து மடங்கு கிடைக்கும் என்று இன்னொன்று. ரஸ்டைப் பார்த்துப் பயந்தவருக்கும் அதே ரஸ்டில் இடம் உண்டு. ஆர்பிஜியில் நிறுவனம் வைத்ததே சட்டம்.

அழிப்பதும் சேர்ப்பதும்

ரஸ்டில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை புதுப்பிப்போடு கட்டாய ‘வைப்’ வரும், அதாவது சர்வரின் உலகத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். கட்டிய கோட்டை, நிரப்பிய பெட்டி எல்லாம் போய், அத்தனை பேரும் கையில் ஒரு கல்லோடும் தீப்பந்தத்தோடும் கரையில் நிற்பார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் பலர். எனக்கு அது அந்த ஆட்டத்தின் மிக நேர்மையான அம்சமாகத் தெரிகிறது. பத்து வருடமாக ஆடுகிறவரும் இன்று வாங்கியவரும் ஒரே கோட்டில் நிற்க வேறு எந்த வகை ஆட்டத்தில் முடியும்? கற்ற செய்முறைகளை வைத்துக்கொள்ள விடும் சர்வர்களைத் தவிர, அனுபவசாலியிடம் மிஞ்சுவது கைத்திறனும் ஆட்ட அறிவும்தான். ஆனால் இந்தச் சமத்துவம் அற்பாயுசு. வைப் முடிந்து மூன்றாம் நாள் உள்ளே வந்தால், இரும்புக் கவசமும் தானியங்கித் துப்பாக்கியுமாகத் திரிகிற கூட்டத்துக்கு நடுவே கல்லோடு நிற்பீர்கள்.

ஆர்பிஜி இப்படி ஒட்டுமொத்தமாக எதையும் அழிக்காது. மெதுவாக மதிப்பிழக்கச் செய்யும். புது விரிவாக்கம் (ஆட்டத்தின் அடுத்த பெரிய பகுதி) வெளியானதும், பெரிய அரக்கர்களை வெல்ல மாதக்கணக்கில் குழுவாக ‘ரெய்டு’ போய் வாங்கிய வாளைவிடச் சாதாரணப் பணிக்குக் கிடைக்கும் வாள் பலமாகிவிடும். பெட்டியில் இருக்கும், பயன் இருக்காது. இந்த ஓட்டத்தில் சேராத பெரிய ஆட்டம் கில்டு வார்ஸ் 2. 2012-இல் வந்தபோது உச்ச லெவல் 80, இன்றும் 80தான். ஒரு வருடம் விட்டுவிட்டு வந்தாலும் பழைய கவசம் பழைய பலத்தோடு இருக்கும், மாதச் சந்தாவும் கிடையாது. விட்டுவிட்டு ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆர்பிஜியை நான் பார்க்கவில்லை.

புதிதாக வருகிறவருக்கு ஆர்பிஜியில் இன்னொரு தொல்லை, நண்பர்களைப் பிடிக்க ஆகும் காலம். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் புது விரிவாக்கத்தின் உள்ளடக்கத்துக்கு வர, காசு கொடுத்துக் கதையைத் தாண்டாவிட்டால், முதன்மைக் கதையை ஆரம்பத்திலிருந்து முடித்துக்கொண்டே வர வேண்டும். அருமையான கதை, மறுக்கவில்லை. ஒரே கதாபாத்திரத்தில் எல்லாத் தொழில்களையும் கற்கலாம் என்பதும் பெரிய வசதி. ஆனால் நண்பர்கள் இன்று ஆடுவதில் இன்று சேர முடியாது. நீண்ட வழி, பொறுமை வேண்டும்.

மனிதர்கள்

வால்ஹெய்ம் ஓர் உலகத்துக்குப் பத்துப் பேர் வரை. ரஸ்ட் சில நூறு. எம்எம்ஓ ஆயிரக்கணக்கில். எண்ணிக்கை கூடக் கூட நெருக்கம் கூடும் என்றில்லை. சர்வைவலில் ஒருவரிடம் கதவின் ரகசிய எண்ணைச் சொல்வதே ஒரு நம்பிக்கை. அதைக் காப்பாற்றுகிறவர் நெடுநாள் நண்பராகிறார், காட்டிக் கொடுக்கிறவரை மறக்கவே முடிவதில்லை. அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் குரல் வசதி இதைக் கூர்மையாக்குகிறது, கூடவே காது கூசும் வசவையும் கொண்டுவருகிறது. சிறுவர்கள் ஆடுகிற வீட்டில் அந்தக் குரலை அணைத்து வைப்பதில் தவறே இல்லை.

ஆர்பிஜி உறவு வேறு மாதிரி. அடி வாங்க ஒருவர், குணப்படுத்த ஒருவர், தாக்க மற்றவர்கள் என்று ஆளுக்கொரு பொறுப்பு இருப்பதால் கைத்திறன் குறைந்தவருக்கும் குழுவில் இடம் கிடைக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2009-இல் தானாகக் குழு சேர்க்கும் வசதி வந்த பிறகு ஆள் தேடுகிற வேலை ஒழிந்தது, ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் குகையை முடித்துப் பிரிகிற பழக்கமும் சேர்ந்து வந்தது. நல்ல கில்டு (நிலையான ஆட்டக் குழு) ஒன்றில் சேராமல் எம்எம்ஓ ஆடுவது பாதி ஆட்டம்தான். ஆனால் கூட்டத்துக்கென்றே நடக்கிற அதிசயங்கள் அங்கேதான். 2005 செப்டம்பரில் அதே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் ஒரு பாஸ் அரக்கன் தொற்றவைக்கும் நோய் குகையை விட்டு வெளியே கசிந்து நகரங்களில் பரவியது. சிலர் ஓடி ஒளிந்தார்கள், சிலர் குணப்படுத்த வந்தார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நோய்ப்பரவலை ஆராய்பவர்கள் அதை ஆய்விதழில் எழுதும் அளவுக்குப் போனது.

யாருடைய உலகம்?

பலரும் கடைசியில் யோசிப்பது, முதலில் யோசிக்க வேண்டியது. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரில். சந்தா கட்டி வளர்த்த கதாபாத்திரங்கள், கட்டிய நகரங்கள், அத்தனையும் சர்வரோடு போயின. சிட்டி ஆஃப் ஹீரோஸை ரசிகர்கள் உயிர்ப்பித்து, 2024-இல்தான் அவர்களுடைய ஹோம்கமிங் சர்வருக்கு முறையான உரிமம் கிடைத்தது. அல்டிமா ஆன்லைனும் 1999-இல் வந்த எவர்குவெஸ்ட்டும் இன்னும் ஓடுகின்றன என்றாலும், அது நிறுவனத்தின் தயவு.

மைன்கிராஃப்ட், வால்ஹெய்ம், ஆர்க் போன்றவற்றில் சர்வர் மென்பொருளை நீங்களே ஓட்டலாம், உலகத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆர்க்: சர்வைவல் எவால்வ்டின் அதிகாரபூர்வ சர்வர்கள் 2023-இல் மூடப்பட்ட பிறகும் தனியார் சர்வர்களில் அது தொடர்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சர்வைவலுக்கு முழு மதிப்பெண். அந்தப் பக்கத்துக் கறை வேறு: முடிக்காத ஆட்டத்தை விற்பது. டேஸ் தனி ஆட்டமாக 2013 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்டது 2018 டிசம்பரில். ரஸ்டுக்கும் நான்கு ஆண்டுக்கு மேல். வாக்குறுதியை நம்பி வாங்காதீர்கள். இன்று ஓடுவது இன்றைய விலைக்குத் தகுமா என்று மட்டும் பாருங்கள்.

கம்ப்யூட்டர், இணையம் பற்றிச் சுருக்கமாக. ரஸ்டும் ஆர்க்கும் நினைவகத்தைத் தின்னும், பிங் (இணைப்பின் தாமதம்) கூடினால் சுடுமுன் செத்திருப்பீர்கள். பழைய கணினி, மெதுவான இணைப்பு என்றால் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: 0.6 நொடிக்கு ஒரு முறைதான் ஆட்டம் கணக்கிடுகிறது, அதனால் தாமதம் பெரிதாகத் தெரியாது, கைபேசியிலும் ஆடலாம். ஏமாற்றுக்காரர்கள் இரு பக்கமும் உண்டு. சர்வைவலில் சுவருக்குப் பின்னால் பார்க்கிறவர்கள் உங்கள் ஒரு மாதத்தைக் கெடுப்பார்கள். ஆர்பிஜியில் விற்பதற்காகத் தங்கம் சேர்க்கும் தானியங்கி நிரல்கள் சந்தை விலையைக் கெடுக்கும். முதலாவதுதான் நேரடியாக வலிக்கும்.

ஆகவே மூன்று முதல் பத்துப் பேர் வரை தெரிந்த நண்பர்கள் இருந்தால் யோசிக்காமல் வால்ஹெய்ம், சொந்த சர்வரில். தனியாள், நேரம் நிச்சயமில்லை என்றால் கில்டு வார்ஸ் 2 அல்லது ரூன்ஸ்கேப். கதைக்காக ஆடுகிறவருக்கு ஃபைனல் ஃபேன்டஸி 14. அதன் இலவசச் சோதனையே லெவல் 70 வரை, இரண்டு விரிவாக்கங்களோடு கிடைக்கிறது, பணம் கட்டுமுன் அதை முடியுங்கள். ரஸ்டின் அந்தப் பயம்தான் வேண்டும் என்பவர், குழு அளவுக்கு வரம்பு வைத்த சிறிய சர்வர் ஒன்றைப் பார்த்து, வைப் நாளன்றே நுழையுங்கள். முதல் வீட்டைச் சாலையோரத்தில் கட்டாமல், சிறியதாக, கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு வைத்துக் கட்டுங்கள்.